ரெண்டாவது ஸ்கேன்

ஷைஸ்தாவா? அவ மேல பரண்ல படுத்துக் கெடக்கா, எழுப்ப முடியாது. நான் அவ ராத்தா, மெஹராஜ். என்னன்னாலும் எங்கிட்டயே சொல்லுங்க மேடம். வாசல்லயே நின்னு சொல்லுங்க. இந்த ஒத்த ரூம் கோலில நீங்க அந்தப் பெரிய பையோட நுழைஞ்சா நான் வெளிய போவணும்.

தமிழ் பேசுத ஆளுன்னு ஆசுபத்திரிலேருந்து உங்கள தாராவிக்கு அனுப்பிச்சாங்களாக்கும். உங்க வீடு செம்பூர்லயா? இருக்கட்டும். நாலு மாசமா என் தங்கச்சிய என்ன பாடு படுத்துதீங்க! மாருல கட்டின்னு வந்தவளுக்கு, ஆபரேசனுக்கு முந்தி மருந்து ஏத்திக் கட்டியச் சுருக்கணும்னீங்க. சரின்னோம். ஆராய்ச்சியில சேந்தா மருந்து சும்மா கெடைக்கும்னீங்க. அதுக்கும் கையெழுத்துப் போட்டா. முடி பூரா கொட்டிச்சு, சோறு எறங்கல. அதுக்கு மேல, கட்டியச் சுத்தி உள்ளுக்குள்ள அழற்சி எவ்வளவுன்னு பாக்கணும்னு ஒரு ஊசி, ஒரு ஸ்கேன். அழற்சி இருக்க எடம் படத்துல மின்னுமாம். மின்னட்டும், உங்களுக்கு என்ன?

ஊசி போட்டுட்டு, அந்த மருந்துல கதிர்வீச்சு இருக்கு, சாயங்காலம் வரைக்கும் புள்ளையத் தூக்காத, கிட்டயே போவாதன்னு அனுப்பிட்டீங்க. பத்துக்குப் பத்து கோலில எங்கன தள்ளி நிப்பா? ஒரு வயசுப் புள்ள உம்மா உம்மான்னு அலறுதா, இவ பொதுக் கக்கூஸ் லைன்ல போயி நின்னு அழுவுதா. அதுக்கெல்லாம் உங்க ஃபார்ம்ல கட்டம் கெடையாது, இல்ல?

ரெண்டாவது ஸ்கேன் அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். போன் பண்ணிச் சொன்னா, டேட் மாத்த முடியாது, வரலன்னா பேர வெட்டிருவோம்ங்கான் ஒருத்தன். அவன் வீட்டுப் பொம்பளன்னா அப்படிச் சொல்லுவானா?

எதுக்குச் சிரிக்கீங்க? நல்ல சேதியா? கட்டியே காணுமா? இடது பக்கம் சுத்தமா கரைஞ்சிட்டா? போதும், ரொம்ப சந்தோசப்படாதீங்க.

ஆனான்னு என்ன இழுவை? இன்னொரு ஊசி குத்திப் பாக்கணுமா? அடப் பாவிகளா, காலிபீலியா, ஒண்ணுமில்லாததுக்கு டென்ஷன் குடுக்கதே பொழப்பாப் போச்சு உங்களுக்கு! கட்டிதான் கரைஞ்சிட்டே, பொறவு எங்க குத்தப் போறீங்க?

வலது பக்கமா?

வலது பக்கம் புதுசா மின்னுதா? எங்கன? அக்குளுக்குக் கிட்டயா? நல்லாப் பாத்துதான் சொல்லுதீங்களா?

இருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

அவளுக்கு மருந்த மட்டும் நிப்பாட்டிறாதீங்க. தப்பு என்னோடது. அவ கட்டி கரைஞ்சுதா இல்லையான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அந்த ரெண்டாவது ஸ்கேன் அன்னைக்கு அவளால எந்திரிக்கவே முடியல. பேர வெட்டிட்டா மருந்துக்கு எங்க போவோம்? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. புர்காவ மாட்டிட்டு, மாஸ்க்கப் போட்டுட்டு, அவ ஆதார் கார்டோட நான்தான் வந்தேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கல. ஊசியப் போட்டு மெஷின்ல படுக்கச் சொன்னாங்க, படுத்தேன்.

ஊசி குத்தக் கொண்டாந்த அந்தப் பேப்பர எடுங்க. ஷைஸ்தா பேர அடிச்சிட்டு எழுதுங்க. மெஹராஜ். வயசு முப்பத்தொம்போது.