காலையும் மாலையும் பேசிய எங்கள் மேற்பார்வையாளருக்கு

சோர்ந்தவரைச் சிரிக்க வைத்த சொல்லின் செல்வரே! சாயத்தொட்டியின் சூட்டிலும் சளைக்காமல், முப்பத்து நான்கு ஆண்டுகள் இச்சாய ஆலையின் மேற்பார்வையாளராய் நின்று இன்று விடைபெறும் பெருந்தகையே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பைக் கிடங்கில் பதிவேடு எழுதும் அம்மாவிடம் ஒப்படைத்தோம். தமிழ் அவருக்கு நன்றாக வரும் என்பது ஒரு காரணம். மற்றொன்றைத் தாங்கள் அறிவீர்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன், தாம் இயக்கிய கொதிகலன் வெடித்து இறந்த தங்கள் நண்பரின் மனைவி அவர். அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் நாங்கள் மாற்றவில்லை. மேலாளர் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகே இதைப் படிக்கிறோம். கதவையும் சாத்திவிட்டோம்.

பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத் தாங்கள் பேசிய அன்று, மறுப்பதற்கென்றே வந்த மேலாளர் தாமே இடம் காட்டிவிட்டுப் போனார். தொட்டிக்காரரும் உலர்த்தும் பிரிவுக்காரரும் கட்டையோடு எதிரெதிரே நின்றபோது, "அடிச்சிக்கிறதா இருந்தா ஷிப்ட் முடிஞ்சு அடிச்சிக்குங்கப்பா. உங்க ரெண்டு பேரு வேலையையும் நானா பாக்கறது?" என்றீர்கள். கட்டைகள் கீழே விழுந்தன. அந்தக் குரலை நேசித்தோம். அதற்காகவே அஞ்சவும் செய்தோம்.

வெடித்த அன்று காலையை அந்த அம்மா மறக்கவில்லை. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளிவிட வேண்டிய வால்வு, வேலை நிற்கக் கூடாதென்று கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வாசலில் கவிழ்த்த சாய டிரம்மின் மேல் ஏறினீர்கள். "கட்டச் சொன்னது மேலிடம். என் காதால கேட்டேன். அவன் மாட்டேன்னான். அதுக்கு அவங்ககிட்ட திட்டும் வாங்கினான்!" முந்நூறு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

நண்பகலில் மேலிடத்தார் தங்களை மாடிக்கு அழைத்தார்கள்.

மாலையில் அதே டிரம். "தங்கமானவன், என் கூடப் பொறந்தவன் மாதிரி. ஆனா அவசரக்காரன். உங்களுக்கே தெரியும்ல? எதையாவது கட்டி வேலைய முடிச்சிடணும்பான்." அழுதீர்கள். நாங்களும் அழுதோம். அழுதுகொண்டே உள்ளே போனோம்.

அந்த அம்மாவை இன்றும் நடுங்க வைப்பது வெடிச்சத்தம் அல்ல. அன்று மாலை முன்வரிசையில் நின்று தாமும் தலையாட்டியதுதான். இறந்துபோன கணவரோடு ஓர் ஆண்டு முழுவதும் சண்டை போட்டார்: "அப்படி என்னங்க அவசரம் உங்களுக்கு?" சட்டைப் பொத்தானைக்கூட ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் போடுகிற மனிதர் அவர் என்பது, அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். கட்டிய மனைவியையே மறக்கச் செய்த பேச்சு அது.

ஐயா! புதிய கொதிகலனின் வால்விலும் போன வாரம் கம்பி கட்டிவிட்டார்கள். அதை இப்போது இயக்கும் கொதிகலன்காரர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவிழ்த்தால் வேலை போகும். அவிழ்க்காவிட்டால் என்ன போகும் என்பது அவருக்குத் தெரியும். நாளை காலை அரசு ஆய்வாளர் வருகிறார். கம்பியை நாங்கள் காட்டினால், கொதிகலன்காரரே கட்டிக்கொண்டார் என்பார்கள். அன்றும் அதைத்தான் சொன்னார்கள். எங்களில் அன்றைய உத்தரவைக் காதால் கேட்டு இன்று உயிரோடிருப்பவர் தாங்கள் ஒருவரே. இன்று மாலையோடு தங்களுக்கு மேலிடம் என்று ஒன்று இல்லை.

ஆகவே, வழக்கமான ஏற்புரை இன்று வேண்டாம். தாங்கள் பேசத் தொடங்கினால் நாங்கள் மறுபடியும் மாறிவிடுவோம். எங்களை நாங்களே நம்பவில்லை. யார் முதலில் போட்டது என்று தெரியாதபடி, கட்டச் சொன்னது மேலிடமே என்று ஆய்வாளருக்கு எழுதிய மனுவில் வட்டமாகக் கையெழுத்திட்டிருக்கிறோம். அவ்வட்டத்தில் ஓரிடம் காலியாக இருக்கிறது. பேனா தங்கள் முன்னால் இருக்கிறது.

நோயின்றி, குறைவின்றி, நூறாண்டு வாழ்க! காலையில் ஒலித்த அந்தக் குரல் தங்களோடு நீடு வாழ்க!

அன்புடனும் அச்சத்துடனும்,
சாய ஆலைத் தொழிலாளர்கள்

எழுதியவர்: தங்கள் நண்பரின் மனைவி