நண்பகலில் ஒரு சொம்புத் தண்ணீர்

மாலை வெயில் முகத்தில் அடித்தாலும் முகம் சுளிக்காமல் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய ஐயா அருணகிரி அவர்களே! பந்தல் போட்டு, பாய் விரித்து, பேசத் தெரிந்த பத்துப் பேர் ஊரில் இருக்க, இந்த வளவனைக் கூப்பிட்டு மாட்டிக்கொண்ட வேங்கிக்கால் வாக்காளர் மன்றத்துத் தோழர்களே! கிரிவலப் பாதையில் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் அடி அண்ணாமலை வணிகப் பெருமக்களே! கலெக்டர் ஆபீசில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்து, கால் கடுத்து, பஸ் ஏறப் போகிற வழியில் இங்கே உட்கார்ந்துவிட்ட பெரியோர்களே! குழந்தையை மடியிலும் குடும்பத்தை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரின் பாதம் பட்ட இந்த மண்ணுக்கும் சேர்த்து என் முதல் வணக்கம்.

கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் கை தூக்குங்கள். தூக்கிவிட்டீர்களா? அப்படியானால் கேட்கிறது என்று அர்த்தம். கையை இறக்குங்கள்!

அதோ, மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் அண்ணாமலை கல்லாகத் தெரிவதில்லை. காற்றில் மிதக்கும் கருநீலக் கனவாகத் தெரிகிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு மறந்துபோகும். என் வீட்டுக்காரி கவிநிலா சொல்லுவாள், "நீ மைக்கு முன்னாடி நின்னாக்கூட தூங்கிக்கினேதான்யா பேசற" என்று. உண்மைதான். நான் கனவுக்காரன். போன வாரம்கூட ஒரு கனவு கண்டேன். சொல்லட்டுமா?

தேர்தல் நாள். பள்ளிக்கூட வாசலில் வரிசை. வரிசையின் கடைசியில், பெருமூச்சு விட்டுக்கொண்டு, மேகத்தை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, யார் வந்து நிற்கிறார்கள்? நம் மலை! ஆமாம், மலையே ஓட்டுப் போட வந்துவிட்டது! உள்ளே உட்கார்ந்திருந்த ஏஜெண்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறான், "நீ எந்தத் தெரு?" மலை யோசித்தது. "எல்லாத் தெருவிலிருந்தும் நான் தெரிகிறேனே, அப்பா" என்றது. ஏஜெண்டு உதட்டைப் பிதுக்கினான். "அதெல்லாம் சரிப்படாது. இன்னா ஆளுன்னு சொல்லு, அப்பதான் நீ யாருக்குப் போடுவேன்னு தெரியும்." மலை திரும்பி நடந்தது. நடந்த இடமெல்லாம் குளிர்ந்தது. நான் விழித்துக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ஏஜெண்டை உங்களுக்குத் தெரியாதா? கையைக் கூப்பி, காலைத் தொட்டு, கனிவாய்ச் சிரித்து, கண்ணால் மட்டும் 'நீ எந்தத் தெரு?' என்று கேட்கிறவனை நீங்கள் பார்த்ததே இல்லையா? உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது. அவனும் வந்துவிட்டான். அதனால்தான் ஐந்து ஆண்டுகளுக்கு முன், தொண்ணூற்றாறில், எங்கள் நாவல்தாங்கலில் நடந்ததை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் மூன்று இடத்தில் மூன்று வாழ்க்கை. ஏரிக்கரை ஓரம் உழவுக் குடும்பங்கள். நடுவில் நயினார் தெரு. சமணர்கள், நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே நெல்லும் மணிலாக் கடலையும் போட்டு, எத்தனையோ தலைமுறையாய் இந்த மண்ணில் வேர்விட்டவர்கள், தங்களுக்கென்று தனிக் கோயில் உள்ளவர்கள். ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி, நான் பிறந்த காலனி. தாண்டி என்று சொன்னேனே, அந்தச் சொல்லில் எத்தனை நூற்றாண்டு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஆண்டு ஊராட்சித் தலைவர் பதவி பொதுவில் பெண்களுக்கு, எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம் என்று வந்தது. நயினார் தெருவிலிருந்து ஜினராஜ் அவர்களின் மனைவி சுனந்தா அம்மாள் நின்றார். காலனியிலிருந்து, பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருந்த எங்கள் காசியம்மாள் அக்கா நின்றார். காலனிக்காரி பொதுத் தொகுதியில் நிற்பதா என்று கேட்டவர்களுக்கு அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "பொதுன்னா எனக்குந்தானேடா பொது?" அவ்வளவுதான். ஆட்டோவில் மைக்கைக் கட்டி அக்காவுக்கு ஓட்டுக் கேட்டவன் நான்.

ஒருநாள் அந்தி. தெருவிளக்கு எரிகிற நேரம். எங்கள் காலனியில் வழக்கம் ஒன்று உண்டு. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எதிரியே ஆனாலும், ஒரு சொம்பு மோராவது கொடுக்காமல் அனுப்பமாட்டோம். சுனந்தா அம்மாள் வந்தார். முதல் வீட்டு ரேணுகாம்பாள், துலக்கி வைத்த பித்தளைச் சொம்பில் மோர் நீட்டினாள். அந்த அம்மாள் கைகூப்பி, "இப்ப எதுவும் எடுத்துக்கமாட்டேம்மா" என்றார். "தண்ணியாச்சும் குடிங்க" என்றாள். "அதுவும் வேணாம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நீட்டிய சொம்போடு நின்றாள் ரேணுகாம்பாள்.

தாய்மார்களே! நீட்டிய சொம்போடு நிற்பது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பனுக்கும் தெரியும், அவன் அப்பனுக்கும் தெரியும். அன்று ராத்திரி காலனியில் எந்த வீட்டிலும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அந்தச் சேதி ஓடையைத் தாண்டியது. நாங்கள் தாண்டத் தயங்குகிற ஓடையை வதந்தி தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "நயினார் வீட்டம்மா தண்ணிகூடத் தொடமாட்டாங்களாம். நாளைக்கு நம்ம வீட்லயும் அப்டித்தான்" என்று ஏரிக்கரைத் தெரு கொதித்தது. வேடிக்கையைக் கேளுங்கள்! எங்கள் காலனியில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தறியாத பெரிய மனிதர்களெல்லாம், அந்த அம்மாள் குடிக்கவில்லையே என்று கோபப்பட்டார்கள்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான். ஓட்டெல்லாம் எங்கள் பக்கம் சாய்ந்தது. அக்காவுக்குத் தேர்தல் வேலை பார்த்த எங்கள் ராஜமாணிக்கம் துள்ளிக் குதித்தான். "அக்கா, நீ ஒண்ணும் பேச வாணாம். சும்மா இரு. நாற்காலி தானா வந்து உக்காருன்னு சொல்லும்" என்றான்.

அக்காவுக்கு மட்டும் முகம் சரியில்லை. அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் எங்கள் கூட்டம். திடீரென்று எழுந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். அக்கா பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"நான் வயசுப் பொண்ணா இருக்கச்சே நயினார் வீட்டு நெலத்துல நாத்து நட்டவ. எனக்குத் தெரியும். பொழுது சாயறதுக்குள்ள அவங்க வீட்ல சாப்ட்டு முடிச்சி அடுப்ப அணைச்சிடுவாங்க. இருட்டுல வெளக்கத் தேடி வர்ற பூச்சி பொட்டு சோத்துல வுழுந்து செத்துடக் கூடாதுன்னு, பொழுது போனா பச்சத் தண்ணி வாயில ஊத்தமாட்டாங்க. பெத்த தாயே குடுத்தாலும் குடிக்கமாட்டாங்க. ரேணுகா வெளக்கு வெச்சப்புறம் குடுத்தா. அதான் அந்தம்மா குடிக்கல."

ராஜமாணிக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அக்கா நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்றேன். எனக்கு அவங்க வீட்ல கொல்லப்புறத்துல நிக்க வெச்சிதான் சோறு போட்டாங்க. அதையும் நான் மறக்கல. பகல்ல குடுத்தா அந்தம்மா குடிப்பாங்களா? எனக்குத் தெரியாது. கேட்டுப் பாத்துடலாம். நாளைக்கி உச்சி வெயில்ல என் வூட்டுக்கு வரச் சொல்லுங்க."

அவையோரே! இத்தனை தலைமுறையாய் ஒரே ஏரித் தண்ணீரில் வாழ்ந்தவர்களுக்கு, பக்கத்துத் தெருக்காரர் இரவில் உண்பதில்லை என்பது ஏன் தெரியவில்லை? ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைத்திருந்தால்தானே தெரியும்! விருந்துக்கு அழைத்தது உண்டா? வேளை தெரிந்தது உண்டா? வேலிதானே வளர்த்தோம்? அந்த வேலிக்குத்தானே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒருவன் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறான்?

சரி, சரி... கைதட்டலைச் சேர்த்து வையுங்கள், கதை முடியவில்லை.

அழைப்பு நயினார் தெருவுக்குப் போனது. அங்கே பெரிய கொந்தளிப்பு. "போனா நம்ம ஜனமே ஓட்டுப் போடாது" என்றார் ஜினராஜ். போகாவிட்டால் வதந்தி மெய்யாகிவிடும். போனாலும் நஷ்டம், போகாவிட்டாலும் நஷ்டம். இதுவரை கணவர் பேச்சை மீறாத அந்த அம்மாள் என்ன செய்யப் போகிறார்?

மறுநாள் உச்சிப்பொழுது. வானம் வெளுத்து, வெயில் பாலாய்ப் பொழிந்து, வேப்ப நிழல்கூட வேருக்குள் ஒடுங்கிய நேரம். நிழலே இல்லாத அந்த வெளிச்சத்தில் ஓடையைத் தாண்டி ஒரு மஞ்சள் புடவை வருகிறது. ஒற்றையாக வருகிறது! கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நானே என் கனவு ஒன்றுக்குள் நிற்கிறேனோ என்றுதான் நினைத்தேன்.

காசியம்மாள் அக்கா குழாயடிக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினார். சுனந்தா அம்மாள் இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். இன்னொரு பாத்திரத்தின் வாயில் அதை விரித்தார். எங்கள் கண்ணெதிரே எங்கள் தண்ணீரை வடிகட்டப் போகிறார்! கூட்டம் சீறியது. "பாத்தியா? நம்ம தண்ணின்னா அழுக்கா?" என்று ராஜமாணிக்கம் கத்தினான்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? முன்னே வந்து, துணியின் மறுமுனையைத் தன் கையால் பிடித்துக்கொண்டார். "ஏன்டா கத்தறீங்க? நம்ம வூட்ல முந்தானையில வடிகட்டாம எவ குடிக்கறா? அவங்க புழு சாகக் கூடாதுன்னு வடிகட்டறாங்க. நாம நம்ம புள்ளைங்க சாகக் கூடாதுன்னு வடிகட்டறோம். துணி ஒண்ணுதான்டா!"

ஐயா! துணி ஒன்றுதான். ஊற்றினார்கள். துணியின் மேலே நெளிந்தன, சிவப்புச் சிவப்பாய்ப் புழுக்கள். சுனந்தா அம்மாள் அவற்றைக் கண்கொட்டாமல் பார்த்தார். கீழே இறங்கிய தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். குடித்துவிட்டுக் கேட்டார், "இதையா தெனமும் குடிக்கிறீங்க? குழாய்க்கு வர்ற தொட்டிய யாரும் கழுவறதில்லையா?" "கழுவி ரெண்டு வருசம் ஆச்சிம்மா. யாரு கேக்கறா?" என்றாள் ரேணுகாம்பாள். இருவரும் நின்று பேசத் தொடங்கினார்கள். அதுவரை எங்கள் தேர்தலில் தொட்டியைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர் பேசியதில்லை! யார் வீட்டில் யார் குடிக்கவில்லை என்று பேசினோமே தவிர, குடிக்கிற தண்ணீரில் என்ன நெளிகிறது என்று பேசினோமா?

புறப்படும்போது அக்கா ஒன்று கேட்டார். "நீங்க வந்து குடிச்சிட்டீங்க. சந்தோசம். எங்கள எப்பம்மா வாசல் வழியா கூப்புடப் போறீங்க?" அந்த அம்மாள் தலை குனிந்து, வந்த வழியே நடந்து போனார்.

முடிவு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதோ அந்தத் தம்பி "காசியம்மாதான்!" என்கிறார். இல்லை தம்பி. ஏரிக்கரைத் தெருவின் கோபம் ஆறிவிட்டது. ஓட்டு வந்த வழியே திரும்பிவிட்டது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் சுனந்தா அம்மாள் ஜெயித்தார். எங்கள் அக்கா தோற்றார்.

அன்று ராஜமாணிக்கம் அழுதான். "வாய மூடிக்கினு இருந்திருந்தா செயிச்சிருப்பியேக்கா! காலனிக்காரி ஒருத்தி அந்த நாற்காலியில உக்காந்திருப்பாளே!" நாங்கள் எல்லோரும் அழுதோம். அந்த அழுகையில் நியாயம் இருந்தது. அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"செயிச்சிருப்பேன்டா. செயிச்ச மறுநாளு நயினார் தெருவுக்கும் நான்தானேடா தலைவி? அந்தம்மா வாசல்ல போயி நின்னு, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு 'உங்களுக்கு இன்னா கொறை'ன்னு கேப்பேன்?"

கேட்டீர்களா? ஓட்டுப் போடாதவனுக்கும் நான்தான் தலைவி என்று, ஓட்டு எண்ணுவதற்கு முன்பே நினைத்தவள் அவள்! பல சாதி, பல சாமி, பல சாப்பாட்டு நேரம் உள்ள ஒரு நாட்டை ஆளுவதற்கு வேறு என்ன தகுதி வேண்டும்? பட்டம் வேண்டுமா? படை வேண்டுமா? பந்தாவாய்ப் பத்துக் கார் வேண்டுமா? தோற்றவனின் வாசலில் போய் நிற்கக்கூடிய முகம் வேண்டும் ஐயா, முகம்!

சுனந்தா அம்மாள் பதவியேற்று முதலில் செய்தது, தொட்டியைக் கழுவியது. இரண்டாவதாகச் செய்ததுதான் பெரிது. இட்லிக்கடைக்கு நடந்து வந்து, "காசி, நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வா. வாசல் வழியா வா" என்றார். அக்கா போனார். வாசல் வழியாகவே நடையைத் தாண்டினார். உள்ளே ஜினராஜ் எழுந்து நின்றாராம். அப்புறம், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டாராம்.

அந்த ஒரு வாசல் திறந்ததால் எல்லா வாசலும் திறந்துவிட்டதா? இல்லை. மேடையில் நின்று பொய் சொல்லமாட்டேன். ஏரிக்கரைத் தெருவில் ஒரு கதவும் இன்னும் எங்களுக்கு அசையவில்லை. ஆனால் திறக்கும் என்று நான் நம்புகிறேன். கனவுக்காரன் வேறு என்ன செய்வான்?

இந்தத் தேர்தலிலும் அவர்கள் இருவரும் எதிரெதிராக நிற்கிறார்கள்! விட்டுக்கொடுக்கவில்லை, வீரியம் குறையவில்லை. போன வாரம் நயினார் தெருவில் ஒருவன் அக்காவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தானாம். சுனந்தா அம்மாள் அவனைப் பார்த்து, "அவ சாலை போடறேன்னு சொல்றாளே, அது நடக்குமா நடக்காதான்னு மட்டும் பேசு. வேற பேச்சு என் வாசல்ல வாணாம்" என்றாராம். வந்தவன் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டானாம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். தெருவைக் கேட்டு வருகிறவனிடம் தொட்டியைக் கேளுங்கள். உங்களைப் பற்றி அவர்களிடமும், அவர்களைப் பற்றி உங்களிடமும் ஓதுகிறவனை வெளியே நிறுத்தி, அந்த 'அவர்களை'யே உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கனவுக்காரனின் பேச்சைக் கண் அயராமல் கேட்ட தாய்மார்களுக்கும், கடைசிவரை மணி அடிக்காமல் பொறுத்த தலைவர் ஐயாவுக்கும், கரகரவென்றாலும் கைவிடாத இந்த ஒலிபெருக்கிக்கும், அதைக் கட்டிய சகாதேவனுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போகிற வழியில், இதுவரை நீங்கள் வணக்கம் சொல்லாத ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு வணக்கம் சொல்லுங்கள். என்னுடைய வணக்கத்தை அங்கே, அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.