அடுத்த அத்தியாயம் என் முறை

நான் வெயிலில் வண்டி ஓட்டுவதில்லை. தலைவலி வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், பின்னால் உங்கள் விசாரணைக்கு உதவும்.

ராஜ்மோகன் அண்ணனும் நானும் பத்தொன்பது வருடம் ஒரே புனைபெயரில் வாரத் தொடர்கள் எழுதினோம். ஒரு வாரம் அவர் கதாநாயகனை எங்கேயாவது மாட்டிவிடுவார். எப்படித் தப்பிப்பான் என்று எனக்குச் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் நான் மீட்க வேண்டும். "மாட்டிவிட்டது நான், காப்பாத்துறது நீ. முழிச்சுக்கடா காஜா" என்று சிரிப்பார். கதை முழுக்க 'நான், நான்' என்று நாயகனே பேசுவான்.

போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போயிற்று. ஒரு கட்டைவிரல் மிஞ்சியது. பூவம் கிராமத்தில் தன் வீட்டில் படுத்தபடியே போனில் அத்தியாயங்களைத் தட்டி அனுப்பினார். அவரைப் பார்த்துக்கொள்ளும் ஞானசௌந்தரி மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய், ஆறு மணிக்குத் திரும்பி வருவார். இன்னொரு சாவி என்னிடம்.

விரல் ஒன்றானாலும் சண்டை குறையவில்லை. ஒரு வரிக்கு நாற்பது செய்தி. அதனால் ஏஐயைக் கூட்டாளியாகச் சேர்த்தேன். எங்கள் பழைய அத்தியாயங்களையெல்லாம் அதற்குக் கொடுத்தேன். அது என்னோடு ஒருநாளும் மல்லுக்கு நின்றதில்லை. பிறகு அண்ணனுக்கு என் பேரில் பதில் போடும் வேலையையும் அதனிடமே விட்டேன். அவருக்குத் தெரியாது. "இப்பத்தான்டா நீ மனுஷனா பேசுற" என்று ஒருநாள் எழுதியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் முறை. மதியம் இரண்டே முக்காலுக்கு வந்தது.

"நெஞ்சை அடைக்குது. கதவு வெளிய பூட்டியிருக்கு. சீக்கிரம் வா."

"அருமையான முடிச்சு அண்ணே. இங்கேயே நிறுத்துங்க" என்று என் பேரில் ஏஐயின் பதில் போனது.

"கதை இல்லடா. நெசம்."

"இது இன்னும் அருமை. படிக்கிறவங்களுக்கும் இதே சந்தேகம் வரணும் அண்ணே."

"காஜா"

வேறு யாருக்கும் அவர் எழுதவில்லை. மீட்க வேண்டியவன் நான்தானே. ஏஐயையும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்ததைத்தான் அது படித்தது.

நான் எங்கே இருந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? தலத்தெருவில், என் வீட்டில், போன் கையில். முதல் செய்தியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பூவம் இருபது நிமிடம். சாவி சட்டைப் பையில். எழுந்துகூட நின்றேன். ஆனால் அவர்கள் இருவரும் எழுதிக்கொண்டிருந்தது, எங்கள் பத்தொன்பது வருடத்தில் வராத அத்தியாயம். நடுவே புகுந்து கெடுக்க என்னால் முடியவில்லை. அடுத்த வரிக்காக நின்றேன். மூன்று பத்துக்குப் பிறகு வரி வரவில்லை. வெயிலும் தாழவில்லை.

அந்தச் செய்திகளை ஓர் எழுத்துகூட மாற்றாமல் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

என் முறையையும் நான் தவறவிடவில்லை சார். அடுத்த இதழைப் பாருங்கள். நண்பன் வெயில் என்று பார்க்காமல் வண்டியை எடுக்கிறான், சரியான நேரத்துக்குப் போய்க் கதவைத் திறக்கிறான். அண்ணனை நான் காப்பாற்றிவிட்டேன்.