நடையைக் கேள்

பகல் பன்னிரண்டு மணி. பேய் வர இரவுதான் வேண்டுமென்று உங்களுக்கு யார் சொன்னது? குருநகர்க் கடற்கரை வீதியில் ஈ காக்காய் இல்லை. இந்தக் கதையை எனக்குச் சொன்ன நம் எமில்ராஜின் சின்னம்மா யசிந்தா, மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் தனியே வந்துகொண்டிருந்தாள். கடலுக்குப் போன புருஷன் மரியரட்ணம் திரும்பாமல் அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

யசிந்தாவுக்கு ஒரு குறை. முகங்கள் பிடிபடாது. கண்ணில் பழுதில்லை... மூக்கு தெரியும், வாய் தெரியும், ஆனால் அது யாருடைய முகம் என்று தெரியாது. சந்தையில் பக்கத்து வீட்டுக்காரியையே கடந்து போய்விடுவாள். தலைக்கனம் பிடித்தவள் என்றது ஊர். உண்மை மரியரட்ணத்துக்கு மட்டும் தெரியும்.

"முகத்தைப் பாராதை. என்ரை நடையைக் கேள்," என்பான்.

பழைய காயத்தால் வலது காலை இழுத்துத்தான் நடப்பான். சர்ர்... டக். சர்ர்... டக்.

அன்றைக்கு அவள் முதுகுக்குப் பின்னால் வந்த செருப்புச் சத்தம் ஒரே சீராக இருந்தது. டக்... டக்... டக்.

"யசிந்தா. நான்தான்."

மரியரட்ணத்தின் சட்டை. குரலும் அவனுடையதுதான். ஆனால் அவனிடம் எப்போதும் வீசும் படகு மண்ணெண்ணெய் வாடை இல்லை, மீன் வாடை இல்லை... எந்த வாடையுமே இல்லை.

ஊரே ஓடிவந்து அழுதது. மாமியார் அவன் முகத்தைக் கையில் ஏந்திக் கொஞ்சினாள்.

"மாமி, உது அவர் இல்லை. அவரின்ரை நடை இல்லை."

"பெத்த எனக்கு என்ரை பிள்ளையின்ரை முகம் தெரியாதோ?"

வேறு வழியில்லாமல் யசிந்தா தன் குறையைச் சொன்னாள். அதோடு அவள் பேச்சு எடுபடவில்லை. முகமே தெரியாதவள் சாட்சி சொல்ல வந்துவிட்டாளாம்!

"உப்புத்தண்ணியிலை கால் சுகமாயிட்டுது," என்றான் வந்தவன்.

இரண்டு மாதம் போனது. அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

போன வெள்ளிக்கிழமை, அதே பன்னிரண்டு மணி. அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் காலடிச் சத்தம் கேட்டது.

சர்ர்... டக். சர்ர்... டக்.

வாசல் படலையடியில் நின்றது. மண்ணெண்ணெய் வாடை வீட்டுக்குள் வந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவள் நெஞ்சு படபடத்தது. எழுந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"போய்த் திற," என்றான். "உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது... அவனுக்கு இப்ப முகம் இல்லை."

அவள் திறந்தாள். எமில்ராஜ் சொன்னது அவ்வளவுதான்.

ஊர்ப் பேச்சு வேறு: இப்போது அந்த வீட்டில் மத்தியானம் மூன்று தட்டு வைக்கிறாளாம். ஒரு தட்டில் மட்டும் போட்ட சோறு தொடாமல் அப்படியே இருக்குமாம்.