கடல்ராணியின் நான்காவது பந்து

மூன்று பேர் பொத்தானை அழுத்தினால் மெஷின் நான்கு பேர் என்று காட்டியது. சிக்கல் அவ்வளவுதான். சின்னச் சிக்கல். பார்த்தவுடன் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்...

கிட்ட வந்து உட்காருங்கள். மின்சாரம் வரும்வரை நீங்கள் மூவரும் எப்படியும் ஆட முடியாது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. இந்த இடத்தை நடத்தும் ஜாபிர் பாய் வாங்கப் போயிருக்கிறார். இந்த ஒரு மெழுகுவர்த்தி போதும்.

முதலில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

பின்பால் மேசை சாய்வாக நிற்கும். பந்து என்று நாம் சொல்வது ஓர் இரும்புக் குண்டு. அது எப்போதும் கீழே வரத்தான் பார்க்கும். வலது ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த கம்பி. அதை இழுத்து விட்டால் பந்து மேலே ஓடும். கீழே இரண்டு துடுப்புகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும், சுருள் காந்தமாகும், துடுப்பு எழும்பிப் பந்தை அடிக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வர வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். மின்சாரம்... அழுத்த ஒரு விரல். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

முன்னால் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. எத்தனை பேர் ஆடுகிறார்களோ அத்தனை முறை அதை அழுத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று பந்து. எல்லோரும் வரிசையாக முதல் பந்தை ஆடி முடித்த பிறகுதான் இரண்டாவது பந்து. நடுவில் ஒருவர் தன் பந்தை ஆடாமல் விட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். மெஷினுக்கு அவசரமில்லை. அது காத்திருக்கும்... எவ்வளவு நேரமானாலும்.

சுவரோரம் நிற்கிறதே, மீன்வால் போட்ட ராணி படத்தோடு... அதுதான் கடல்ராணி. வியாழக்கிழமை லீக்கில் அதில் ஆடியவர்கள் நான்கு பேர். சரக்குக் கப்பல் ஆபீஸில் வேலை பார்க்கும் ரேவதி. பர்மியப் பையன் கோ ஜோ. அவனுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். என் மனைவியின் தம்பி சுரேந்திரன். நான்காவதாக, எப்போதும் கடைசியாக வந்து சேரும் சின்னத்தம்பி அண்ணன். அவர் கியாக்தான் ஊருக்குப் போய்வரும் பஸ்ஸின் டிரைவர். வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவார். ஸ்டியரிங் பிடித்த வலிக்கு மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொள்வார். கற்பூரமும் கிராம்பும் கலந்த வாசனை மாடி ஏறும்போதே வரும். கம்பியை இழுப்பதற்கு முன்னால் மோதிர விரலால் கண்ணாடியில் தட்டுவார். டக்... டக்.

சுரேந்திரனுக்கு வீட்டிலும் வெளியிலும் பர்மிய மொழிதான். தமிழை அதிலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றித்தான் பேசுவான். பர்மிய மொழியில் கிளம்பும்போது 'போகிறேன்' என்பார்கள். ஆகவே இவனும் ஒவ்வொரு வியாழனும், "போறேன்ணே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவான்.

"எங்கடா போற, சுடுகாட்டுக்கா?" என்பார் சின்னத்தம்பி. "போயிட்டு வர்றேன்னு சொல்லு. நாக்கு சுளுக்கிக்கும்னா வர்றேன்னு மட்டும் சொல்லு."

"வர்றேன்னா வர்றதுதானேண்ணே? நான் போறேனே!"

"போறவன்தான் வர்றேங்கணும்" என்பாள் ரேவதி. "இதுகூடத் தெரியாம நீ எல்லாம் தமிழன்னு வெளிய சொல்லிக்காத."

எல்லோரும் சிரிப்போம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், விளக்கு வைக்கும் நேரம். கியாக்தானிலிருந்து வரும் ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல், ஆள் நடமாட்டமே இல்லை. சின்னத்தம்பி அண்ணன் பஸ்ஸை ஒழுங்காக ஓரம் கட்டினார். கை பிரேக்கைப் போட்டார். ஸ்டியரிங் மேல் சாய்ந்தார்... எழுந்திருக்கவில்லை. வண்டியில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் கையைப் பிரித்து எடுப்பதற்குத்தான் ரொம்ப நேரம் ஆனதாம்.

அடுத்த வியாழன். மூன்று பேர்தான். ரேவதி அழுத்தினாள், கோ ஜோ அழுத்தினான், சுரேந்திரன் அழுத்தினான். நான்காவது ஆளின் புள்ளிக் கட்டத்திலும் சைபர் எரிந்தது.

இங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்வது நான். பொத்தானுக்குப் பின்னால் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். தேய்ந்துபோனால் ஓர் அழுத்தலுக்கு இரண்டு முறை தொடும். மெஷின் அதை இரண்டு பேர் என்று எண்ணிக்கொள்ளும். தகட்டை மாற்றினேன். மறுபடியும் நான்கு. மூன்றாவது அழுத்தல் முடிந்ததும் பொத்தானின் வயரையே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வயர் என் கையில் இருக்கிறது... நான்காவது சைபர் மெதுவாக எரிகிறது.

"சரி விடுங்க, பேய்க்கு ஒரு பந்து" என்றாள் ரேவதி. "சுரேன், நீ சும்மா இழுத்து விடு. விழுந்துட்டுப் போகட்டும்."

வேறு வழியும் இல்லை. அந்தப் பந்து ஓடி விழாமல் இரண்டாவது பந்து வராது. சுரேந்திரன் கம்பியைப் பிடித்தான். பிடித்தவன், கண்ணாடியில் தட்டினான். டக்... டக்.

யாருக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை.

பந்து விழவில்லை. அவன் விரல்கள் அதை விழ விடவில்லை. சுரேந்திரன் படபடவென்று அடிக்கிற ஆள். இது வேறு ஆட்டம்... துடுப்பைத் தூக்கிப் பந்தை அதன்மேல் நிற்க வைத்து, மூச்சு விட்டு, குறி பார்த்து, ஒரே அடி. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். பந்து இறங்கியதும் அவன் கைகளை உதறினான்.

"மச்சான், கை மரத்துப்போச்சு" என்றான் என்னிடம்.

அந்த மரமரப்பு வெள்ளிக்கிழமை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. அவன் போன் ரிப்பேர் பார்க்கிறவன். எள்ளைவிடச் சின்னப் பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை. அந்தக் கைகளை நம்பித்தான் வீடு ஓடுகிறது. வாரம் போகப்போக அந்த விரல்கள் அவன் சொல் கேட்பதை நிறுத்தின. சோற்றைப் பிசையும்போது இரண்டு சுட்டுவிரலும் எதையோ அழுத்தும். தூக்கத்திலும் பாய் ஓரத்தை அழுத்தும். இரண்டு போன்களைக் கருக்கிவிட்டான். கடை முதலாளி, இன்னொன்று கருகினால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஆடாம இருந்துடேன்" என்றேன்.

"ஒரு வாரம் வராம இருந்து பாத்தேன் மச்சான். அன்னைக்குப் பூரா ஸ்டியரிங் பிடிச்ச மாதிரியே கை மடங்கிக்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் பிரியல."

நான் மெஷின்காரன். மெஷின் வழியாகத்தான் யோசிப்பேன். பெட்டிக்குள் ஒரு சங்கிலியில் சின்னத் தூக்குக்குண்டு தொங்கும், அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். யாராவது மேசையை முரட்டுத்தனமாகத் தள்ளினால் குண்டு வளையத்தைத் தொடும். உடனே துடுப்புகளுக்கு மின்சாரம் நின்றுபோகும், பந்து விழும். இதற்கு டில்ட் என்று பெயர். நான்காவது ஆளின் பந்தை இப்படி டில்ட் செய்துவிட்டால் அவர் ஆட முடியாது அல்லவா?

அடுத்த வியாழன் சுரேந்திரன் கம்பியை இழுத்தான். பந்து துடுப்புக்கு வந்தது. நான் இடுப்பைக் கொடுத்து மேசையைத் தள்ளினேன். குண்டு வளையத்தைத் தொட்டது. விளக்கெல்லாம் அணைந்தது. ராணியின் முகம் கறுத்தது. துடுப்புகளுக்கு மின்சாரம் கிடையாது.

டப்.

நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதைத்தான்.

டப்... டப்... இருட்டுக்குள் பந்து மேலேயும் கீழேயும் ஓடுகிற சத்தம். கற்பூர வாசனை, கிராம்பு வாசனை. சுரேந்திரனின் மணிக்கட்டிலிருந்து வந்தது.

"நிறுத்துங்க மச்சான்! வலிக்குது! விடச் சொல்லுங்க!"

கோ ஜோ அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னான்.

இந்தப் படியில்தான் உட்கார்ந்தோம். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடம். ஜாபிர் பாய் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். சுரேந்திரனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ரேவதி அவன் வாயருகே பிடித்துக்கொண்டாள்.

"அவரு பொருள் ஏதாச்சும் எடுத்தியாடா?" என்று கேட்டார் பாய்.

"இல்ல பாய்."

"சுடுகாட்டுல ஏதாச்சும் பண்ணினியா?"

"எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க, நானும் போட்டேன். கும்பிட்டேன். தமிழ்லயே சொன்னேன் பாய், தப்பில்லாம."

"என்ன சொன்ன?"

"போயிட்டு வாங்கண்ணே."

டம்ளரைப் பிடித்திருந்த ரேவதியின் கை அப்படியே நின்றது.

"ஏன்... சரியாத்தானே சொன்னேன்?"

"அடப்பாவி" என்றாள் அவள் மெதுவாக. "உலகத்துல எல்லார்கிட்டயும் சொல்லலாம். செத்தவங்ககிட்ட மட்டும்தான்டா அதச் சொல்லக்கூடாது."

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கூப்பிட்டவன்தான் அனுப்ப வேண்டும். அவருக்குக் கேட்கிற நேரத்தில், அதாவது அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது, அனுப்ப வேண்டும். அவர் கிண்டல் செய்த அந்தத் தப்பான சொல்லையே, 'வா' சேர்க்காமல், சொல்ல வேண்டும்.

மறு வியாழன். மூன்று அழுத்தல், நான்கு சைபர். ரேவதி விரைவாக ஆடி முடித்தாள். கோ ஜோ விரைவாக ஆடி முடித்தான். சுரேந்திரனும் தன் பந்தைத் தொலைத்துவிட்டு அங்கேயே நின்றான். டக்... டக். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ ஒருவர் கையைப் பார்ப்பதுபோல. கைகள் கம்பியை இழுத்தன. பந்து ஓடியது. இடது துடுப்பு எழுந்தது, பந்து அதன்மேல் வந்து நின்றது. குறி பார்க்கிற நேரம்.

"சொல்லுடா" என்றாள் ரேவதி.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பந்து அசையாமல் துடுப்பின்மேல்...

"சுரேன், சொல்லு!"

"போ... போங்கண்ணே."

சுட்டுவிரல் முதலில் எழுந்தது. பிறகு மற்ற விரல்கள், ஒவ்வொன்றாக. துடுப்பு இறங்கியது. பந்து நடுவில் உருண்டு விழுந்தது. விரல்களில் ரத்தம் ஏறிச் சிவப்பதை நாங்கள் பார்த்தோம். அப்பாடா என்று நான் மூச்சை விட்டேன்.

அப்போது சுரேந்திரனின் வாய் இன்னொரு முறை திறந்தது. குரல் தாழ்ந்திருந்தது, நிதானமாக இருந்தது. தமிழ் சுத்தமாக இருந்தது.

"சரிப்பா... வர்றேன்."

சுரேந்திரன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நான் சொல்லல" என்றான்.

"விடைதான் வாங்கிக்கிறாரு" என்றாள் ரேவதி. "கிளம்புறேன்னு சொல்றாரு. அவ்வளவுதான்."

கோ ஜோ பர்மிய மொழியில் என்னிடம் கேட்டான்: வர்றேன் என்றால் 'வருகிறேன்' என்றுதானே பொருள்?



அந்த வாரம் முழுக்க சுரேந்திரனின் கைகள் அவனுடையவையாக இருந்தன. கருகிய இரண்டு போன்களில் ஒன்றை உயிர்ப்பித்தும்விட்டான். வியாழக்கிழமை மூன்று முறை அழுத்தினார்கள். மூன்று சைபர்தான் எரிந்தது. கோ ஜோ கைதட்டினான். ரேவதி முதல் பந்தை ஆடி முடித்தாள்... சுரேந்திரனின் இடது சுட்டுவிரல் ஒருமுறை துடித்தது.

ரேவதியும் அதைப் பார்த்துவிட்டாள்; அவர் தன் முறையைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டாள். உடனே மெஷினை அணைத்து மறுபடி போட்டு, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, அவளே நான்காவது முறையும் அழுத்தினாள். மூவரும் ஆடினார்கள். நான்காவது பந்து ஓடுபாதையில் வந்து நின்றது. சுரேந்திரன் கைகளை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். மேசைப் பக்கம் யாருமே இல்லை.

கண்ணாடியில், டக்... டக்.

ஸ்பிரிங் கம்பி தானாக வெளியே வந்தது. மெதுவாக... பாதி தூரம்... ஒரு கணம் நின்று... விடுபட்டது. துடுப்புகள் எழுந்தன, விழுந்தன. பக்கத்துப் பொத்தான்கள் உள்ளே போய் வெளியே வந்தன. சுரேந்திரனின் விரல்கள் அசையவே இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அவை தானாக அசைந்ததில்லை. அவருக்கு இப்போது கை தேவைப்படுவதில்லை. தன் முறை வந்தால் போதும்.

கேட்கிறதா... கீழே தெருவில்? 'மீ லாபி! மீ லாபி!' மின்சாரம் வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் கத்துகிறார்கள். அதோ, ராணி முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது பாருங்கள்.

போய் ஆடுங்கள். நீங்கள் மூன்று பேர். பச்சைப் பொத்தானை நான்கு முறை அழுத்துங்கள். நான்காவது பந்து வந்ததும் கைகளை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் நில்லுங்கள். அவர் ஆடி முடித்துவிடுவார்.