சேத்துப் படிச்ச பேரு

ரேடியோவுக்குப் போடற கார்டுல எங்க பேரையுமா எழுதிட்ட? காட்டு பாக்கலாம். ரேணுகாம்பாள், அருணகிரி. இது நீயும் உங்கூட்டுக்காரரும். அதுக்குக் கீழ சரோஜா, சகாதேவன். இன்னும் போஸ்ட் பண்ணலியே? நல்ல வேளை. அந்தப் பேனாவ இப்படிக் குடு. கோச்சுக்காத ரேணு, எங்க ரெண்டு பேரையும் அடிச்சிடறேன். ம். இப்ப நீங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கீங்க. இது போதும். உக்காரு, வெயில் தாழ்ந்து போய் பெட்டில போட்டுக்கலாம். தபால்காரன் நாலு மணிக்குத்தான் எடுக்க வருவான்.

ஆசையாத்தான் எழுதின, எனக்குத் தெரியாதா. குடி வந்து ஒரு மாசம் கூட ஆகல, மாடி வூட்டு அக்கா பேரும் ரேடியோல வரட்டும்னு உனக்குத் தோணுது. கொற சொல்லல. ஆனா எங்கூட்டுக்காரரு பேரு மட்டும் ரேடியோல வரக் கூடாது. வந்துச்சுன்னு வையி, அன்னிக்கே அந்தாளு இந்த வூட்ட காலி பண்ணிடுவாரு. வெளையாட்டுக்குச் சொல்லல.

நானா? நான் இப்ப ஒண்ணும் கேக்கறதில்ல. எங்க வூட்ல ரேடியோ கெடையாதுன்னு நீதான் பாத்தியே. உன் டூ இன் ஒன்ல போடறது மாடிப்படி வரைக்கும் வரும். அவரு ஆபீசுக்குப் போனதும் நான் படியில வந்து உக்காந்துக்குவேன், மொறத்துல எதுனா பொடைக்கற மாதிரி. நேத்து ஒண்ணு போட்டியே, புல்லாங்குழல்ல எடுப்பாங்க, நடுவுல எல்லா வாத்தியமும் நின்னு போயி அந்தப் பொண்ணு கொரலு மட்டும் தனியா நிக்கும். அது என்னா படம்? பாரு, அதுகூட எனக்குத் தெரியல. ஒரு காலத்துல, எந்த ஸ்டேஷன்ல எத்தினி மணிக்குப் போட்டான், யாரு பாடினது, எல்லாத்தையும் கடகடன்னு சொல்லுவேன்.

இல்ல இல்ல, அவருக்குப் பாட்டு புடிக்காதுன்னு நெனைக்காத. புடிக்காதவனா இருந்தா காதுல வுழுந்தா வுழட்டும்னு இருப்பான். இவரால அது முடியாது. ஆடி மாசம் அம்மன் கோயில்ல கொழா ரேடியோ கட்டினான்னா, மனுசன் செருப்ப வுட்டுட்டு மலை சுத்தக் கெளம்பிடுவாரு. எட்டு மைலு. காட்டுப் பக்கம் திரும்பிட்டா சத்தம் வராது, அதுக்குத்தான். தெருவுல எல்லாரும் என்னா பக்தி என்னா பக்திங்கறாங்க. கார்த்திகை தீபம் பத்து நாளும் வேட்டவலத்துல அவங்க அக்கா வூட்ல போய் இருந்துக்குவாரு. நீ இந்த வருஷம் பாக்கத்தானே போற.

அப்படி இருந்தவரு இல்ல. எழுபத்தி நாலுல, நாங்கல்லாம் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால ஒரே காம்பவுண்டுல குடித்தனம். முன்னால இவரும் இவங்கம்மா தங்கம்மாளும். இவருக்கு அப்பத்தான் சொசைட்டில கிளார்க் வேலை கெடச்சிருந்தது. மொத சம்பளத்துல ரேடியோ வாங்கினாரு. பொட்டி மாதிரி பெருசு, ஜன்னல்ல கெணத்தடியப் பாக்க வச்சிருந்தாரு. பின்னால எங்க வூடு. எங்களுக்குப் பக்கத்துல அப்பாசாமின்னு ஒருத்தரு, மண்டில மல்லாட்டைக் கடலை மூட்டை எடை போடறவரு. அவரு பொண்ணுதான் ஆதிலட்சுமி. அவளும் நானும் ஒண்ணா எஸ்.எஸ்.எல்.சி. எழுதினோம்.

எங்க மூணு பேருக்கும் ஒரு நோட்டு இருந்தது, நாப்பது பக்க நோட்டு. இந்த வாரம் நான் இன்னின்ன பாட்டு கேட்டேன், இது நல்லா இருந்தது, இது எதனால புடிச்சதுன்னு எழுதி வைக்கணும். ஒருத்தர் எழுதினத அடுத்தவங்க படிச்சிட்டுக் கீழ எழுதணும். பொம்பளப் புள்ளைங்க ஆம்பளையாண்ட நின்னு பேசறதுக்கு வழி ஏது அப்ப? தங்கம்மாளாண்ட குடுத்துட்டு வந்துடுவோம், அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டு நோட்டுன்னு சொல்லி வச்சிருந்தோம். பாட்டு நோட்டுதான். பொய்யில்ல.

காதலா? நீயும் அதயே கேக்கற. எனக்குத் தெரியாது ரேணு. பாட்டப் பத்தித்தான் எழுதுவாங்க. வேற ஒரு வார்த்தை இருக்காது. நான் தேடித் தேடிப் பாத்திருக்கேன். அவ எழுதுவா, ரெண்டாவது சரணத்துக்கு முன்னால அந்தம்மா மூச்சு எடுக்கறது கேக்குது, இத்தினி நாளு இது என் காதுல வுழலியேன்னு. இவரு அதுக்குக் கீழ அரைப் பக்கம் எழுதுவாரு. இன்னிக்கு ஜன்னல்லாம் சாத்திட்டுக் கேட்டேன், ஆமாம், மூச்சு கேக்குது, இனிமே இந்தப் பாட்டக் கேட்டா எனக்கு அந்த மூச்சுதான் கேக்கும்னு. இது என்னா பேச்சு சொல்லு. இதப் போயி தப்புன்னும் சொல்ல முடியாது, சும்மான்னும் சொல்ல முடியாது.

நான் என்னா எழுதுவேன்? பாட்டு பேரு எழுதி, நல்லா இருந்ததுன்னு எழுதுவேன். எனக்கு அவ்ளோதான் வரும். அவள வுட நான் ஜாஸ்தி கேப்பேன், மனப்பாடமா சொல்லுவேன், ஆனா எழுத வராது. எனக்குக் கீழ இவரு ஒரு டிக் போடுவாரு. பரிச்சைப் பேப்பர்ல போடற மாதிரி. ஒன்ற வருஷம், டிக்கு டிக்கு டிக்கு.

ஆனா கையெழுத்து எனக்குத்தான் நல்லா இருக்கும். அத்தொட்டு ரேடியோவுக்கு கார்டு எழுதறது என் வேலை. பாட்ட ஆதிலட்சுமி சொல்லுவா, கார்ட இவரு வாங்கினு வருவாரு, நான் எழுதிப் போடணும். சகாதேவன், தங்கம்மாள், ஆதிலட்சுமி, சரோஜான்னு நாலு பேரு. பெரியவங்க பேரு நடுவுல இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு ஆதிலட்சுமிதான் யோசனை சொன்னா. எத்தினி கார்டு போட்டிருப்போம், ஒண்ணு கூடப் படிக்கல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காத கொண்டுபோயி ஜன்னல்ல வச்சுனு இருப்போம். எந்தெந்த ஊரு பேரோ வரும், எங்க பேரு வராது.

அப்புறம் ஒரு நாளு வந்துச்சு. மாசி மாசம். நான் துணி அலசிட்டு இருந்தேன். பாட்டு பேரச் சொல்லிட்டு, விரும்பிக் கேட்டவங்க பேர வரிசையா சொல்லிட்டு வராங்க. செஞ்சியிலேர்ந்து யாரோ, போளூர்லேர்ந்து யாரோ. திருவண்ணாமலையிலிருந்து ஆதிலட்சுமி சகாதேவன். அவ்ளோதான், அடுத்த ஊருக்குப் போயிட்டாங்க. இவரு வந்துடுச்சு வந்துடுச்சுன்னு வாசலுக்கு ஓடி வந்தாரு. ஓடி வந்து நின்னப்புறம்தான் என்னா காதுல வுழுந்ததுன்னு அவருக்கே புரிஞ்சுது. ஆதிலட்சுமி அவங்க வூட்டு நெலப்படியில நின்னுனு இருந்தா. மொகத்துல சிரிப்பு அப்படியே இருக்குது, உள்ள போகத் தெரியல அவளுக்கு.

புரியுதா உனக்கு? ரெண்டு பேரு பேர ஒரு பேராக்கிட்டா, பொண்டாட்டி பேரு ஆயிடுது.

மண்டிக்கு எதுத்தாப்புல டீக்கடை. அங்க ரேடியோ ஊருக்கே கேக்கும். அப்பாசாமி அப்பத்தான் டீ குடிச்சுனு இருந்திருக்காரு. ஏம்பா, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட்டியே, ஒரு வாய் சோறு போட மாட்டியான்னு எவனோ கேட்டிருக்கான். கேட்டவனுக்கு அது தமாஷு. அந்தாளு வூட்டுக்கு வந்து கதவ சாத்தினாரு. கெணத்தடியில இருந்த எல்லாருக்கும் கேட்டுது. அவ கத்தவே இல்ல, அடி சத்தம் மட்டும்தான்.

மறுநாளு நோட்டு அப்பாசாமி கையில மாட்டிக்கிச்சு. பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. பாட்டுதான் இருக்குது. பாட்டுலயே பேசிக்கிறாங்கன்னு சொல்லி வெந்நி அடுப்புல போட்டாரு. என் கையெழுத்தும் அதுல பக்கத்துக்குப் பக்கம் இருந்தது, அத அவரு கேக்கவே இல்ல. ஒத்த வரி எழுதினவள எவன் கண்டான்.

இவரு பயந்து ஓடல, அதச் சொல்லணும். தங்கம்மாளக் கூட்டினு வெத்தல பாக்கு பழம் வச்சு மொறையா பொண்ணு கேக்கப் போனாரு. சாதியில எல்லாம் ஒண்ணும் கொறயில்ல. கார்டுல நாலு பேரு இருந்தது மாமா, ரேடியோல தப்பா படிச்சிட்டாங்க, ஆனாலும் பேரு கெட்டுப் போச்சு, நான் கட்டிக்கிறேன்னு சொன்னாரு. அந்தாளு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அப்ப ரேடியோகாரன் சொன்னது நெசந்தானா? நல்லது பண்ணப் போனாரு, அதுவே சாட்சியா போச்சு.

என்னக் கூட்டினு போயி கேட்டாங்க. சரோஜா, நீதான கார்டு எழுதின, சொல்லுன்னு. நாலு பேரு பேரும்தான் எழுதினேன், ஒவ்வொரு பேருக்கும் நடுவுல கமா போட்டேன்னு சொன்னேன். பாத்தீங்களா மாமா, சரோஜா தப்பா எழுதாதுன்னு இவரு சொன்னாரு.

இருவது நாளுல அவ கல்யாணத்த முடிச்சிட்டாங்க. கீழ்பென்னாத்தூருக்கு அந்தாண்ட ஒரு கிராமம். மொதப் பொண்டாட்டி செத்துப் போன ஆளு, ரெண்டு பசங்க. டீச்சர் ட்ரெய்னிங்குக்கு அவளுக்கு எடம் வந்திருந்தது. அந்தக் காயிதத்த எங்கிட்ட குடுத்துட்டுப் போனா, நீயாவது போன்னு. அவ பேரு போட்ட காயிதம், நான் எப்படிப் போறது. அத்தச் சொல்லலாம்னு பாத்தா, அவளுக்கு அது கூட யோசிக்க முடியல அப்ப.

எனக்கா? எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. இவரு கல்யாணமே வாணாம்னுட்டு இருந்தாரு. தங்கம்மாளுக்கு ஒடம்பு முடியாம போச்சு. நான்தான் கஞ்சி வச்சுக் குடுத்து, தலை வாரி வுட்டு, எல்லாம் பண்ணேன். கண்ணு மூடறதுக்குள்ள சரோஜாவ கட்டிக்கோடான்னு கேட்டாங்க. சரின்னாரு. அந்தச் சரி எப்படி இருந்ததுன்னா, நோட்டுல போடுவாரே டிக்கு, அது மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு மொத நாளு அந்த ரேடியோவ தூக்கினு போயி எடைக்குப் போட்டுட்டு வந்தாரு. இனிமே இந்த சனியன் நம்ம வூட்ல வாணாம் சரோஜா, ஒரு பொண்ணு வாழ்க்கைய முழுங்கிட்டுதுன்னாரு. நான் மண்டைய ஆட்டினேன்.

ஆதிலட்சுமியவா? பாத்தேன், ஒரே ஒரு தடவ பாத்தேன். அப்ப எனக்குக் கல்யாணம் ஆயி ஒரு வருஷம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுல, இடுப்புல கொழந்தை. எளச்சுப் போயிருந்தா. என் தாலியப் பாத்தா, யாரு கட்டினதுன்னு அவளுக்குத் தெரியும். அவரப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் என்னா கேட்டா தெரியுமா? இப்பல்லாம் என்னா பாட்டு கேட்டுனு இருக்க சரோஜான்னு கேட்டா. அந்த நோட்டுல கேக்கற மாதிரியே. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பழைய பாட்டச் சொன்னேன், அப்புறம் டீக்கடையில காதுல வுழுந்தத எல்லாம் தெனம் கேக்கற மாதிரி அளந்து வுட்டேன். அவ கண்ணு மூடி மூடி மண்டைய ஆட்டிக்கிறா. நீ கேக்கறியான்னேன். எங்கூட்ல ஏதுடி, பக்கத்து ஊர்ல கல்யாணம்னா கொழா கட்டுவான், காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கும், காத்து திரும்பிட்டா பாதியில நின்னு போயிடும்னா. பல்லவி தெரியும், சரணம் தெரியாது, அப்படி நெறைய பாட்டு வச்சிருக்கேன்னு சொல்லிச் சிரிச்சா. பஸ்ஸு வந்துடுச்சு.

ஏன் கண்ணு கலங்கற? நானே அழல.

என்னா சொன்ன? ரேடியோல படிச்சவனுக்கு அறிவு வாணாமான்னா? எல்லாரும் இதயேதான் சொல்றீங்க. எங்கூட்டுக்காரரு ஒம்போது வருஷமா அதயேதான் சொல்லினு இருக்காரு. நாலு பேரு எழுதினா ரெண்ட வுட்டுட்டு, மிச்ச ரெண்டயும் சேத்துப் படிச்சிட்டான்னு. எனக்கு அதக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு ரேணு. அந்த ரேடியோகாரரு என்னா பாவம் பண்ணாரு? எழுதியிருந்தத படிச்சாரு. அழகா, நிறுத்தி, ஒரு எழுத்து தப்பில்லாம படிச்சாரு. அந்தக் கார்டுல நாலு பேரு இல்ல. ரெண்டு பேருதான் எழுதினேன். நடுவுல கமா போடல.

இல்ல, மறந்துட்டெல்லாம் இல்ல. அந்த வாரம் நோட்டுல அவளுக்கு ஒன்றப் பக்கம் எழுதியிருந்தாரு. அதப் படிச்சிட்டுத்தான் கார்டு எழுத உக்காந்தேன். அவங்கப்பாரு நாலு சாத்து சாத்துவாரு, ஒரு பத்து நாளு அவள வெளிய வுட மாட்டாரு, அந்தப் பத்து நாளும் நோட்டு எங்கிட்டயே இருக்கும், இவரு எனக்கு மட்டும் எழுதுவாருன்னு நெனச்சேன். அவ்ளோதான் ஆசைப்பட்டேன், பத்து நாளு.

எங்க எழுந்துட்ட? போறியா. சரி போ. அவராண்ட சொல்லணும்னு தோணினா சொல்லு, நான் உன்னத் தடுக்கல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. சொன்னா அவருக்கு ரேடியோ மேல இருக்கற கோவம் எம்மேல திரும்பிடும். அன்னிக்கே கடைக்குப் போயி ஒண்ணு வாங்கினு வந்து ஜன்னல்ல வச்சுக் கேக்க ஆரம்பிச்சிடுவாரு, பழையபடி. அது பாடற வூட்ல நான் இருக்க மாட்டேன். அதுக்குத்தான் அவருக்குப் பாட்டு வாணாம்னு நானே முடிவு பண்ணி வச்சிருக்கேன்.