கிணற்றடியிலிருந்து வந்த அழைப்பு

மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். புயல் ஓயும்வரை மின்சாரம் வரப்போவதில்லை... இது என் தோழியின் சித்தி மகன் போ-ஷூனுக்கு நடந்தது. நடுவில் யாரும் சிரிக்கக் கூடாது.

செத்தவர்களின் ஆவிகள் வெளியே உலவும் ஏழாம் மாதம். நள்ளிரவு தாண்டிவிட்டது. பெய்பு மலைப்பாதையில் ஒரே ஒரு ஸ்கூட்டர்... அதன்மேல் போ-ஷூன். காற்றில், ஆவிகளுக்காக எரித்த காகிதப் பணத்தின் நெடி. மாலையில், இறந்துபோன ஃபான் அம்மாளின் வீட்டு வாசல்வரை போனவன், கதவைத் தட்டத் துணிவில்லாமல் கோயில் படியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தான்.

என்ன சொல்ல வந்தான்? அவன் வேலை செய்த நிறுவனம் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான் விற்றது. அழுத்தினால் ஜேசான் என்ற தரவு வடிவில் நிறுவனத்துக்கு ஒரு செய்தி வரும். அதில் ‘இடம்’ என்று நிரப்ப ஒரு கட்டம். பெரும்பாலும் அறை எண் வரும். பழைய கருவிகள் இடத்தின் பெயரைச் சொல்லாக அனுப்பும். புதியவை சில சமயம் இரண்டு மூன்று இடங்களைப் பட்டியலாகவே அனுப்பும். அவன் நிரலோ கறாரானது. எண் என்று அறிவித்த இடத்தில் வேறெது வந்தாலும் அப்படியே நின்றுவிடும்.

"ஒரு வாரம் குடுங்கண்ணே, மூணு வகைக்கும் தனித்தனியா வழி பண்ணிடறேன்" என்றான் போ-ஷூன்.

"ஒரு வரியில முடியறதுக்கு ஒரு வாரமாடா? எண் இல்லன்னா தூக்கிப் போட்டுட்டுப் போ. மெஷின் மக்கர் பண்ணாம இருக்க அது தலைமேல ராசிக்குப் பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட் வச்சாச்சுல்ல, சமர்த்தா ஓடும்!" என்றார் மேலாளர். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அந்த ஒரு வரியை எழுதினான்.

ஒரு ராத்திரி கிணற்றடி ஈரத்தில் வழுக்கி விழுந்த ஃபான் அம்மாளுடையது பழைய கருவி. ‘கிணற்றடி’ என்று ஒரு சொல்லை அனுப்பியது. விடியும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தது. அத்தனையையும் அந்த வரி சத்தமில்லாமல் குப்பையில் போட்டது... மலையில் சிக்னல் சரியில்லை என்று நிறுவனம் கைகழுவியது. உண்மை அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.  எண், சொல், பட்டியல் என மூன்று வகையையும் அறிவித்து, எதைக் கவனிக்காமல் விட்டாலும் ஓடவே மறுக்கும்படி நிரலைத் திருத்தினான். இனி ஒரு செய்தியும் தொலையாது. செத்தவளுக்கு அதனால் என்ன பயன்?

உர்ர்... சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தான். அவசர அழைப்பு. ஃபான் அம்மாளின் கருவி. அது மின்கலம் கழற்றப்பட்டு அவன் அலுவலக மேசைக்குள் கிடக்கிறது... இடம்: 21.

தலைதூக்கினான். எதிரே மைல்கல். இருபத்தொன்று.

வண்டியை முறுக்கினான். உர்ர்... ‘மூங்கில் வளைவு’. இரண்டு பக்கமும் மூங்கில் கிறீச்சிட்டது. இந்த மாதத்தில் இரவில் பின்னால் திரும்பக் கூடாது, தெரியுமல்லவா... அவன் திரும்பவில்லை. ஈரப் பாசி வாடை மட்டும் கழுத்தோரம் வந்தது. மறுபடி உர்ர். இம்முறை பட்டியல்: ‘சாலை, வண்டி, பின் இருக்கை’.

அவன் திருத்திய நிரல் ஒன்றையும் விடவில்லை.

அழுதுகொண்டே, "வந்துட்டேம்மா, சொல்லிடறேம்மா" என்று வண்டியை வந்த வழியே திருப்பினான். அதற்குப் பிறகு கைபேசி அதிரவில்லை.

ஃபான் அம்மாள் வீட்டில் விளக்கு எரிந்தது. மகள் ஷியூ-சின் கைபேசியோடு வாசலில் நின்றாள். அவனை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"அம்மாவோட பொத்தான்லேருந்து இப்பதான் ஒரு செய்தி வந்துச்சு. இடம்னு போட்டு ஒரு பேரு இருக்கு... போ-ஷூன்னு. நீங்களா?"

"நான்தான்க்கா. அன்னைக்கு அவங்க கூப்பிட்டதெல்லாம் வந்துச்சு. நான்தான்... நான்தான் தூக்கிப் போட்டேன்."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் தோளுக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நனைஞ்சிருக்கியேம்மா... உள்ள வாங்க."

குனிந்து, வீட்டுக்குள் போடும் செருப்பை அவனுக்காக ஒரு ஜோடி எடுத்து வைத்தாள். அதன் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி... சின்னது, குதிகால் தேய்ந்தது.